மாவு கலக்கிய கை

"நீ ஆஸ்டலுக்குப் போய்ட்டா வூட்ல மாவு எப்டிடி பொங்கும்?"

மகளிர் குழுத் தலைவி என்னிடம் இப்படிக் கேட்டபோது நான் எட்டாம் வகுப்புப் பரீட்சையை எழுதி முடித்திருந்தேன். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குச் சந்தேகம். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். முகத்தைக்கூட இல்லை, என் வலது கையைப் பார்த்தார்கள்.

மகளிர் குழுக் கடனில் தலையெடுத்த வீட்டுப் பெண்கள் என் வயதில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு அந்தக் கடன் ஆடாக வந்திருக்கும், தையல் மிஷினாக வந்திருக்கும், பெட்டிக்கடையாக வந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு அது கிரைண்டராக வந்தது. உங்களுக்குச் சொன்னால் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அப்பா இறந்தபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனிக்கு ஷெட் போடும் இடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் சாரம் சரிந்து விழுந்துவிட்டார். அதுவரை நடவு, களை என்று போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு, வயல்களில் பிளாட் கல் நட்ட பிறகு அந்த வேலையும் இல்லை. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். காண்ட்ராக்ட் கைமாறியதும் பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். சில நாள் காலையில் ரேஷன் அரிசிக் கஞ்சியை இருவரும் குடித்துவிட்டு, மாலை வரை ஒருவருக்கொருவர் பசியைப் பற்றிப் பேசாமல் இருப்போம்.

குழுவில் அம்மாவை யாரும் விரும்பிச் சேர்க்கவில்லை. ஐந்து பேர் சேர்ந்தால்தான் கடன். நான்கு பேர் இருந்தார்கள், ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை, அதனால் கூப்பிட்டார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் தலைவி வீட்டு முன்னறையில் பாய் விரித்துக் கூட்டம் நடக்கும். எல்லாரும் கட்டி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளைஞர்தான் தவணை வாங்க வரும் லோன் சார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் "அம்மா, அம்மா" என்பார்.

முதல் கூட்டத்தன்று பள்ளிக்கூடப் பையோடு நானும் கதவோரம் நின்றிருந்தேன்.

"உங்களுக்கு என்ன தொழில்மா?" என்று அம்மாவிடம் கேட்டார் சார்.

"இட்லி மாவு அரைச்சி விக்கலாம்னு கீறேன் சார். ரூம்ல தங்கினுகீற பசங்க வாங்குவாங்க. ஊர்லயும் வாங்குவாங்க."

தலைவி திரும்பிப் பார்த்தார். "மாவா? உன் கையாலயா?"

மற்ற பெண்கள் பாயைப் பார்த்தார்கள். மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"என் கையால இல்லக்கா. அரைக்கப் போறது மிஷினு. உப்பு போட்டுக் கலக்கப் போறது இவ. இவ கை ராசியான கை. கலக்கி வெச்சா மூடிய தூக்கினு பொங்கும்."

அதுவரை நான் மாவைத் தொட்டதே இல்லை.

"கையாலயாம்மா மாவு பொங்குது?" என்று சார் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். நான் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் என் வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே போனேன். இப்படி ஒரு விஷயம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று ஆச்சரியம். பெருமையாகவும் இருந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் கிரைண்டரை ஏற்றி வந்தோம். பச்சை நிற டிரம், உள்ளே கருங்கல். இறக்கி வைத்ததும் அம்மா ஓடிப்போய்த் தலைவியைக் கூட்டி வந்து, அவர் கையால் மஞ்சள் குங்குமம் வைக்கச் சொன்னாள். கடனுக்கு உதவியவர் என்ற மரியாதை அது என்று நினைத்தேன். கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் வீடே அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படம் மெல்ல மெல்லக் கோணலாகிக்கொண்டே வரும். தினமும் அதை நேராக்குவது என் வேலை.

இன்னொரு வேலை கலக்குவது. பள்ளிவிட்டு வந்தால் அன்னக்கூடை நிறைய வெள்ளை மாவு காத்திருக்கும். "கை கால கழுவினு வா. உள்ள வேணாம், வாசல்ல உக்காரு" என்பாள் அம்மா. எங்கள் வீட்டுக் கூரை தாழ்வானது, உள்ளே இருட்டு, வெளிச்சத்துக்காக அப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தெருவைப் பார்த்து உட்கார்ந்து, முழங்கை வரை மாவில் விட்டு, அடியிலிருந்து மேலாகக் கலக்குவேன். சாயந்தரத்தில் மாவு சில்லென்று இருக்கும். போகப் போக என் கைச்சூடு அதற்கும் ஏறும். கன்னத்தில் கொசு உட்கார்ந்தால் அடிக்க முடியாது. தோளை உயர்த்தித் தேய்த்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில்தான் மற்ற பிள்ளைகள் பிளாட் கற்களைத் தாண்டித் தாண்டி விளையாடுவார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு எங்கள் வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். என் பக்கத்து இருக்கைக்காரி ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், இவகிட்ட புளிச்ச மாவு வாசன அடிக்குது" என்று சொல்லிவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து என் பெயர் புளிச்ச மாவு. பெஞ்சின் ஓரத்தில் நான் தனியாக இருந்தேன். நன்றாகப் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வேண்டுமானால் சொல்லலாம். பேச ஆளில்லை, புத்தகம் இருந்தது.

மாலை ஷிப்ட் பேருந்துகள் பெரிய ரோட்டில் வரிசையாகப் போவது எங்கள் வாசலிலிருந்து தெரியும். உள்ளே இருப்பவர்கள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். அவர்களில் யாராவது விழித்திருந்து என்னைப் பார்ப்பார்களா என்று பார்த்துக்கொண்டே கலக்குவேன்.

காலையில் மாவைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்தால், விற்பதற்குள் கவர் பலூன்போல் உப்பிவிடும். வாடகை அறைகளில் தங்கியிருந்த தெற்கத்திப் பையன்கள்தான் அதிகம் வாங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன், நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு வருவான்.

"ஏ பிள்ள, ஒங்க மாவு மூச்சு வுடுது பாரு" என்று கவரைக் காதருகே வைத்துக் கேட்பான். பிறகு அம்மாவிடம், "யக்கா, கைப்பக்குவம்னா ஒங்க கைப்பக்குவந்தான். எங்கம்மைக்கு அடுத்து நீங்கதான்" என்பான்.

அம்மா பதறிப்போய், "என் கை இல்லப்பா, பொண்ணு கை" என்பாள்.

"யாரு கையா இருந்தா என்னக்கா, பசி அடங்குதுல்லா."

அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தூக்குப் பாத்திரத்தோடு வாங்க வரும் ஊர்க்காரர்கள் அப்படியில்லை. காசைக் கொடுப்பதற்கு முன்னால், "பாப்பா கலக்கினதுதானே?" என்று ஒருமுறை கேட்பார்கள். "நீயே பாத்தியே, நேத்து சாய்ந்தரம் வாசல்லதான் உக்காந்துகினு இருந்தா" என்பாள் அம்மா.

அந்த வருஷம் பள்ளியிலிருந்து மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். திரும்ப இரவாகும் என்றார்கள். நான் போகவில்லை. மறுநாள் எல்லாரும் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அன்றும் பெஞ்சின் ஓரத்தில்தான் இருந்தேன். ஆனாலும் சொல்கிறேன், அந்த வருஷம் பசி இல்லை. அம்மா ஒவ்வொரு செவ்வாயும் தவணையை முதலில் வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். குழுவில் ஆடு வாங்கிய அத்தைக்குத்தான் கஷ்டம். அவருடைய ஆடு மேய்ச்சலுக்கு இடமில்லாமல் ரோட்டோரம் போய், லாரியில் அடிபட்டுவிட்டது. அவர் பங்கை மற்றவர்கள் சேர்ந்து போட்டார்கள். அம்மாவும் போட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, "நானும் ஒருத்திக்கு குடுத்தேன்டி" என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் எட்டாவது படிக்கும்போது, தை மாதத்தில் தலைவியின் மகளுக்கு வளைகாப்பு. காலை டிபனுக்கு மாவு எங்களிடம்தான் சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஆர்டர் அதுவரை வந்ததில்லை. கிரைண்டர் நாள் முழுக்க ஓடியது. நான் கடும் காய்ச்சலில் பாயில் கிடந்தேன். எழுந்து உட்கார்ந்தால் வீடு சுற்றியது.

சாயந்தரம் அம்மா வாசல் பக்கம் போய் இருபுறமும் பார்த்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள். பகலில் எங்கள் வீட்டுக் கதவு தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததேயில்லை. கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள். பிறகு உட்கார்ந்து மாவில் கையை விட்டாள்.

நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை போல அது திணறவில்லை. ஒரு சுற்று சுற்றினால் அடிமாவு மேலே வந்தது. அவள் முகம் வேறு எங்கோ இருந்தது. முடித்ததும் பாத்திரத்துக்கு மூடி போட்டு, மேலே கோணிப்பையைப் போர்த்தி, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். தூங்கினாளா என்று தெரியாது.

விடிந்ததும் முதலில் எழுந்து பார்த்தது நான்தான். மூடி சாய்ந்து கிடந்தது. விளிம்பில் மாவு வழிந்திருந்தது.

"அம்மா! உன் கையிலயும் பொங்குதும்மா!"

பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "கத்தாத. வெளிய சொல்லிடாத. சொன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"ஏன்?"

"புருசன் இல்லாத கைடி."

அவ்வளவுதான் சொன்னாள். "உன் கையாலயா?" என்று அன்று தலைவி கேட்டதற்கு, அம்மா மாவை நன்றாக அரைக்கமாட்டாள் என்று பொருள் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் எல்லாருக்கும் புரிந்திருந்தது. எனக்கும் சாருக்கும்தான் புரியவில்லை. என்னை வாசலில் உட்கார வைத்தது எதற்கு, மஞ்சள் குங்குமத்துக்குத் தலைவியைக் கூப்பிட்டது எதற்கு என்பதெல்லாம் அந்தக் காய்ச்சலில் ஒவ்வொன்றாகப் புரிந்தது. என் கையில் ஒன்றும் இல்லை என்பதும்.

எங்கள் மாவு வளைகாப்புக்குப் போனது. அம்மா போகவில்லை. மேளச் சத்தமும் ஒலிபெருக்கிப் பாட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தன. அம்மா கிரைண்டர் கல்லைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் தலைவி வந்தார். "இட்லியா அது, பஞ்சு! சம்பந்தி வூட்டுக்காரங்க வாயத் தொறக்கலியே! எங்கடி அந்தக் கை?" என்று என் வலது கையைப் பிடித்திழுத்து, வளைகாப்பில் மீந்த பச்சைக் கண்ணாடி வளையல்களைப் போட்டுவிட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வெறும் கை மடியில் இருந்தது. அவர் போனதும் வளையல்களைக் கழற்றி கிரைண்டர் மூடியின் மேல் வைத்தேன். கிரைண்டர் ஓடும்போதெல்லாம் அவை கிணுகிணுக்கும். அதிர்வில் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொன்றாக விழுந்து உடைந்தன. நாங்கள் இருவருமே அவற்றை எடுத்து வேறு இடத்தில் வைக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாவது வரைதான். வகுப்பு டீச்சர் முயற்சி செய்து, காஞ்சிபுரத்தில் அரசு விடுதியோடு ஒன்பதாம் வகுப்புக்கு எனக்கு இடம் வாங்கிவிட்டார். எங்கள் குடும்பத்தில் ஆறாவதைத் தாண்டியவளே நான்தான். அதே சமயத்தில் அம்மா பெரிய கிரைண்டருக்கு இரண்டாவது கடன் கேட்டிருந்தாள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அது கிடைக்கும். அந்தக் கூட்டத்தில்தான் தலைவி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்ன சொன்னாலும் ஒன்றை இழக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன்" என்று தலைவி எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "இவ போனா மாவு நின்னுடும். மாவு நின்னா தவணைய யாரு கட்றது? நாமதானே? ஏம்மே, பொண்ண இங்கியே வெச்சிக்க. பத்தாவது பிரைவேட்டா எழுதட்டும்."

"மிஷின்தானேம்மா அரைக்குது? பாப்பா படிக்கட்டும்" என்றார் சார்.

"நீ சும்மா இரு சார். உனக்கு மாவப் பத்தி இன்னா தெரியும்?"

எல்லாரும் அம்மாவின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் அவள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். தலைகுனிந்து "சரிக்கா" என்பாள் என்று நினைத்தேன்.

"தை மாசம் உன் பொண்ணு வளகாப்புக்கு மாவு குடுத்தேனே அக்கா" என்றாள். "அன்னிக்கி இவ ஜொரத்துல கெடந்தா. எழுந்து உக்காரக்கூட முடியல. அத கலக்கினது நான்தான்."

உள்ளறையில் தலைவியின் பேரக்குழந்தை அழத் தொடங்கியது. பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நல்ல கனத்த குரல்.

ஆடு வாங்கிய அத்தை பின்னாலிருந்து சொன்னார்: "கொழந்த நல்லாதானே கத்தினுகீது."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் தலைவி. குரல் இறங்கியிருந்தது.

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியாக்கா?"

பேரக்குழந்தையின் அழுகை நிற்கும்வரை அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாரின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் போட்டார்கள். தவணையைத் தவறாமல் கட்டுகிறவளை விட்டுவிட எந்தக் குழுவாலும் முடியாது. ஆனால் மறுநாளிலிருந்து ஊர்ப் பாத்திரங்கள் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது.

நான் காஞ்சிபுரம் போனேன். விடுதியில் சாயந்தரம் ஆனால் என் வலது கைக்கு என்ன செய்வதென்று தெரியாது. சோப்பு போட்டுக் குளித்துக் குளித்து மாவு வாசனை போய்விட்டது. போன பிறகு, சட்டைக் கையை முகர்ந்து பார்த்து அதைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டன் போனில் அம்மாவிடம் பேசலாம்.

"மாவு பொங்குதாம்மா?"

"பொங்குது."

"வாங்கறாங்களா?"

"தெக்கத்திப் பசங்க வாங்கறாங்க. புதுசா ஒரு ரூம்ல பொண்ணுங்க வந்துகீறாங்க, அதுங்களும் வாங்குதுங்க. நீ சாப்ட்டியா?"

அதற்கு மேல் பேச்சு ஓடாது. இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் இங்கே தனி, அவள் அங்கே தனி. அந்த மழைக்காலம் முழுக்க, அடைத்த கதவுக்குப் பின்னால் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து கலக்குவதை நினைத்துக்கொண்டே படித்தேன்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிறு, நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா சொன்னாள்: "இன்னிக்கி தலைவி வூட்டுத் தூக்கு வந்துச்சிடி."

"யாரு எடுத்துனு வந்தாங்க?"

"அவங்களேதான். ஒண்ணும் பேசல. தூக்க நீட்னாங்க. ஊத்தினேன்."

அதன் பிறகு ஊரும் வந்தது. பெரிய கிரைண்டர், பிறகு குளிர்பெட்டி, பிறகு ஓட்டைக் கூரையை எடுத்துவிட்டுத் தளம். ஒவ்வொன்றும் செவ்வாய்க்கிழமைப் பாயில் உட்கார்ந்து வாங்கியது, உட்கார்ந்தே அடைத்தது. நான் பட்டம் வாங்கி, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் நான் தூங்குவதில்லை. எங்கள் ஊர்த் திருப்பம் வரும்போது வெளியே பார்ப்பேன்.

பச்சைக் கிரைண்டரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டார். இன்று யாரும் "யாரு கலக்கினது?" என்று கேட்பதில்லை. ஆனாலும் அம்மா இன்றுவரை கலக்கும்போது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். ஏன் என்று கேட்டால், "தூசு வருதுடி" என்கிறாள்.

போன மாதம் பெரிய ரோட்டில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரில் ஒரு கடையை என் பெயரில் வாடகைக்கு எடுத்தேன். மாவு கலக்கும் மேடையை முன்பக்கம், ரோட்டைப் பார்த்துக் கட்டச் சொன்னேன்.

"கல்லாவத்தான்மா முன்னாடி வெப்பாங்க. மாவு மேடைய யாராச்சும் ரோட்டப் பாத்து வெப்பாங்களா?" என்றார் கொத்தனார்.

"வைங்கண்ணா" என்றேன்.

நேற்று பூச்சு முடிந்தது. சாயந்தரம் அம்மா வந்து பார்த்தாள். மேடையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், ரோட்டில் இறங்கி நின்றும் பார்த்தாள்.

"இங்க யாரு உக்காரப் போறா?"

"நீதான்."

அவள் வாளியில் கையை விட்டு, ஈர சிமெண்டின் மேல் தண்ணீர் தெளித்தாள். எதிரில் ஷிப்ட் பேருந்து வந்து நின்றது. ஜன்னல்களிலிருந்து சிலர் பார்த்தார்கள். கையை இழுத்துக்கொள்ளப் போனவள், பிறகு தெளித்துக்கொண்டே இருந்தாள்.

இன்று காலை வெல்டர் அளவெடுக்க வந்தார். ஷட்டருக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்லி, முன்பணம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.